சொல்கல்லுக்கு முந்தின வளைவு

ஒண்டிமலையைச் சுற்றிவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று என் அப்பா சீரங்கன் ஒரு மார்கழிக் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு நாற்பத்தைந்து. இப்போது எனக்கு நாற்பத்தேழு, அவருக்கு அதே நாற்பத்தைந்து, ஏனென்றால் அவர் இன்னும் இறங்கி வரவில்லை.

எங்கள் ஊரான அடிச்சோலையில் முடிவெடுக்க முடியாத எந்தக் காரியத்துக்கும் மலை சுற்றுவதுதான் வழக்கம். அதில் சாமி கிடையாது, வேண்டுதல் கிடையாது, விரதம் கிடையாது. சாமை அறுத்துக் களம் காலியான பிறகு மார்கழி மாதத்தில், விடிந்தும் விடியாத பனியில் ஒருவர் தன்னந்தனியாகக் கிழக்கே ஏறுவழியில் கிளம்பி, பதினோரு வளைவும் நடந்து, மேற்கே இறங்குவழியில் இறங்கி, உச்சிப் பொழுது சோற்றுக்கு ஊர் எல்லையில் இருக்கும் இடுப்புயரக் கல்லுக்கு வந்து சேருவார். அதற்குப் பெயர் சொல்கல். அங்கே யார் நின்றிருந்தாலும், ஆடு மேய்க்கிறவரோ அடுத்த வீட்டுக்காரரோ, ஒரே ஒரு தடவை "என்ன முடிவு?" என்று கேட்பார்கள். வந்தவர் சொன்னதை அன்று பொழுது சாய்வதற்குள் செய்துவிட வேண்டும். கிணறு எங்கே வெட்டுவது, கண் புரைக்குக் கத்தி வைக்க விடுவதா, அண்ணனோடு பேச ஆரம்பிப்பதா எல்லாம் இப்படித்தான் முடிவாயின. மீசையை எடுப்பதா வேண்டாமா என்று சுற்றிவிட்டு வந்தவர்கூட உண்டு.

ஏறுவழியில் ஏறி இறங்குவழியில் இறங்க வேண்டும், ஒரு காலும் திருப்பி நடக்கக் கூடாது. சுற்றுகிறவரை யாராவது தாண்டிப் போனால் பாதையைப் பற்றி மட்டுந்தான் பேசலாம். பனி கிடக்கிறது, கல் வழுக்குகிறது, பார்த்துப் போ, அவ்வளவுதான். வீட்டுச் சேதியோ ஊர்ச் சேதியோ சொல்லக் கூடாது, சேதி ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். வெளியூர்க்காரர் யாராவது தென்பட்டால் மட்டும் நிறுத்தி யோசனை கேட்கலாம், ஏனென்றால் இதில் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை, போவதும் ஒன்றுமில்லை.

அப்பா எடுத்துக்கொண்டு போனது என் கேள்வியை. பூனாவிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது; தண்ணீரையும் மண்ணையும் பரிசோதிக்கிற வேலைக்கு இரண்டு வருடப் பயிற்சி, தங்க இடம் தருவார்கள், தை பிறந்து பத்தாம் நாளுக்குள் சேர வேண்டும். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்ல, அப்பா மூன்று தடவை கேட்டார், மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு "சுத்திட்டு வந்து சொல்றேன் சாமி" என்றார். அம்மா பாவாயி உலை வைத்தாள். உச்சி வந்தது, சோறு ஆறியது, பொழுது சாய்ந்தது. மூன்றாம் நாள் ஏறுவழியில் போன ஒருவர் வந்து சொன்னார், சீரங்கன் முதல் வளைவில் நன்றாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார், காலைத் தூக்குகிறார், வைக்கிறார், கேட்டால் பேசுகிறார், ஆனால் போய்ச் சேரமாட்டேன் என்கிறார் என்று.

மார்கழி முடிந்தது, பாதையில் அவரைக் காணோம். நான் காத்திருந்து பார்த்துவிட்டுத் தை எட்டாம் நாள் பதில் இல்லாமலே ரயில் ஏறினேன். அடுத்த மார்கழி ஒன்றாம் தேதி, முதல் வளைவுக்கும் இரண்டாம் வளைவுக்கும் நடுவே, விட்ட இடத்திலிருந்து அதே நடையில் அவர் நடந்துகொண்டிருந்தார்.

ஊருக்கு அது பழகிப்போக இரண்டு வருடம்கூட ஆகவில்லை. முதலில் மருத்துவம், மந்திரம் என்று பேசிப் பார்த்தார்கள். பிறகு, முடிவு கனமானது, கனமானதை மெல்லத்தானே தூக்கிவர முடியும் என்று யாரோ சொன்னதோடு பேச்சு அடங்கிவிட்டது. ரேஷன் அட்டையில் அவர் பெயர் அப்படியே இருந்தது, ஆளைத்தான் வருடா வருடம் பார்க்கிறார்களே, எப்படி நீக்குவது? புதிதாக வந்த வனக் காவலர் ஒருவர் உங்களுக்கு மலைக்குள் அனுமதி உண்டா என்று கேட்டு, முடிவு எடுக்கப் போகிறேன் என்று அப்பா சொல்ல, சரி எடுங்கள் என்று தொப்பியைத் தொட்டுவிட்டு வந்தார். ஐந்தாம் வளைவில் அவருக்கு ஒரு கல் நட்டுப் பொட்டு வைக்கலாம் என்று சிலர் கிளம்பியபோது, உசுரோடு நடக்கிறவனுக்கு எதுக்குடா கல்லு என்று ஊர் திட்டி அனுப்பியது. மற்றவர்கள் தங்கள் முடிவுகளுக்காகச் சுற்றுவதும் நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்து, பனி கிடக்குதுண்ணே, பாத்து வாங்கண்ணே என்று சொல்லித் தாண்டிப் போவார்கள். சில வருடங்களில் அண்ணே மாமா ஆனார், பிறகு தாத்தா ஆகியிருக்க வேண்டியவர் வயது இடிக்கிறதே என்று மறுபடி அண்ணன் ஆனார். யாரும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. வருடங்கள் போகின்றன என்றுகூடச் சொல்லவில்லை. அது ஊர்ச் சேதி அல்லவா.

அம்மாவும் சொல்லவில்லை. அவளுக்கு முடிவெடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு நாள் மலை சுற்றினாள்; அவருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, பத்தடி பின்னாலேயே கொஞ்ச நேரம் நடந்து, வீட்டுக்காரி வாயைத் திறந்தாலே அது வீட்டுச் சேதிதான் என்று பயந்து, ஒன்றும் பேசாமல் ஒதுங்கித் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வருவாள். பதினேழு மார்கழி அப்படிப் போனாள். பதினெட்டாவது மார்கழியில் காய்ச்சலில் செத்துப்போனாள். அவளை மஞ்சள் பூசி, பூ வைத்து, கூறைப்புடவை போர்த்திச் சுமங்கலியாகத்தான் எடுத்தார்கள். பறை அடிக்கவில்லை, சங்கு ஊதவில்லை, வெடி போடவில்லை. மேலே முடிவெடுத்துக்கொண்டிருக்கிறவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று ஊரே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது. அப்படி ஒரு சாவு எங்கும் நடந்ததில்லை என்றார்கள். நான் பார்க்கவில்லை. அப்போது நான் பூனாவையும் தாண்டிக் கடலையும் தாண்டிக் கனடாவில் ஓர் ஆய்வகத்தில் ஊரார் குடிக்கிற தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது நாலாம் நாள். சாம்பலும் கரைத்தாகிவிட்டது. பூட்டிய வீட்டின் சாவியை நல்லம்மா என் கையில் கொடுத்தாள்.

நல்லம்மா என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இப்போது ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். போன ஐப்பசியில் நான் மொத்தமாக வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து இறங்கியபோது, இனி போவதில்லை என்று நான் சொன்னது அவளிடம் மட்டுந்தான். அவள் முட்டை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"போகலைன்னா என்ன பண்ணப் போற? உங்கப்பன் மாதிரி நீயும் மெல்ல நடக்கப் போறியா?"

"அவரு எந்த வளைவுல இருக்காரு?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். கடைசி வளைவு. மூணு மார்கழியா நகரல புள்ள. பாறை மேல உக்காந்துட்டாரு. சொல்கல்லுகிட்ட நின்னா வேட்டி தெரியுது, கூப்பிட்டா கேக்கும், அவ்வளவு கிட்ட. ஆனா எந்திரிக்க மாட்டேங்கறாரு."

மார்கழி பிறந்ததும் போய்ப் பார்த்தேன். தெரிந்தது. மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளை, கொக்கு உட்கார்ந்த மாதிரி. பாதையைத் திருப்பி ஏறக் கூடாது என்பதால் நானும் கல்லோடு நின்றேன். தினமும் நின்றேன். இருபத்தெட்டு வருடம் ஒரு பதிலுக்காக எந்த ஊரிலும் வேர் பிடிக்காமல் இருந்தவள் நான். வாங்கிய வீட்டை விற்றேன், கல்யாணத்துக்குக் கேட்ட மனிதரிடம் சரியும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. எதைச் செய்தாலும் அப்பா வரட்டும் என்று மனசுக்குள் ஒன்று நொண்டிக்கொண்டே இருந்தது. அந்தப் பதில் இப்போது கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஊர் கூடியது. அவர் இன்றைக்கோ நாளைக்கோ எழுந்து வந்துவிட்டால் என்ன செய்வது என்பதில் ஆரம்பித்தார்கள்.

"செல்போன் டவரை என்ன பண்றது? துணி போட்டு மூடிடலாமா?"

"மொட்டைப் பனைன்னு சொல்லிக்கலாம்."

"டவரை மூடுவீங்க, பொன்னுரங்கம் தொப்பையை என்னத்தப் போட்டு மூடுவீங்க?" என்றாள் நல்லம்மா. "அவரு கிளம்பறப்ப இவன் ஈர்க்குச்சியாட்டம் இருந்தான்."

பொன்னுரங்கம் எங்கள் வகுப்புதான், இப்போது ஊர்க்காரியம் பார்க்கிறவன். அவன் சிரிக்கவில்லை. "மூட வேண்டாம். ஊரு ஊரா இருக்கட்டும். மொதல்ல மனுசனை எறக்கணுமே, யாராவது பேசித்தானே எறக்கணும்? நாம பேசக் கூடாது. வெளியூர் ஆளு வேணும்."

வெளியூர் ஆள் யார் என்று யோசித்தார்கள். மருந்துக் கடைக்காரர் ஏற மாட்டார், மூச்சு வாங்கும். பள்ளி ஆசிரியை நேற்றுத்தான் விடுப்பில் போனார். அப்போது பொன்னுரங்கம் என் பக்கம் திரும்பினான்.

"பன்னெண்டு மார்கழி மலை சுத்தாதவங்க வெளியூருதான். பழைய வழக்கம் அது."

"இவ இங்க பொறந்தவடா" என்றாள் நல்லம்மா.

"பொறந்தா சரி. சுத்துனாளா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சுத்தல" என்றேன்.

"அப்ப வெளியூருதான்."

யாரும் மறுக்கவில்லை. யாரும் கோபமாகவும் இல்லை. ஒரே மூச்சில் என்னை ஊரை விட்டு வெளியே நிறுத்தி, அதே மூச்சில் அப்பாவிடம் பேசுகிற உரிமையை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வந்த ஒரு அத்தை மட்டும், "வெளியூர்க்காரங்க சாப்ட்டுட்டுப் போங்கம்மா" என்று சொல்லி என் கன்னத்தைத் தடவினாள்.

மறுநாள் வெளுக்கும் முன்னே, கம்பளிச் சட்டையும் கழுத்துத் துண்டுமாகக் கிளம்பினேன். நாய்கள் எல்லை வரை வந்து நின்றுவிட்டன. வாசல் தெளிக்கிற சத்தமும் விறகுப் புகையும் கொஞ்ச தூரம் கூட வந்தன, பிறகு அவையும் நின்றன. அதற்கப்புறம் என் மூச்சும் என் செருப்பும்தான். கடுக்காய் ஒன்று எங்கோ சருகில் விழுந்தால்கூட யாரோ சொல்லி அனுப்பியது போல் இருந்தது. வேங்கை மரங்களின் பட்டையில் பனி கோடு கோடாக வழிந்திருந்தது. மூங்கில் புதர் தானாக ஒரு தடவை நெரிந்துவிட்டு, ஆளைக் கண்டதும் அடங்கிற்று.

முதல் வளைவில் நின்றேன். அப்பா இங்கே நடந்துகொண்டிருந்தபோது நான் பூனாவில், சப்பாத்தி இறங்காமல், மராத்தி புரியாமல், விடுதியின் இரும்புக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டாம் வளைவுக்கு மேலே அவர் வந்தபோது முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் போர்வை அனுப்பினேன். மூன்றாம் வளைவு, நான்காம் வளைவு. அவர் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் நான் ஊர் மாறினேன், மொழி மாறினேன், கண்ணாடி போட்டேன். ஐந்தாம் வளைவில், கல் நட முயன்ற குழி இன்னும் பள்ளமாக இருந்தது, அதில் காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனேன், என் வருடங்களை எல்லாம் யாரோ இந்த மலைமேல் சுற்றிப் பரப்பி வைத்திருந்தது போலவும், அவற்றை மிதித்துக்கொண்டு போக நான் ஒருத்தி மட்டும் வந்தது போலவும் இருந்தது.

உச்சியில் மரம் கிடையாது, புல்தான். புல்லெல்லாம் பனியில் நரைத்து நின்றது. கிழக்கே வெயில் வந்திருந்தது, மேற்கே மேகம் பாலாடை மாதிரி சமவெளியை மூடியிருந்தது, எங்கள் ஊரும் அதற்குக் கீழேதான் எங்கோ இருந்தது. கத்திக் கூப்பிட்டால் குரல் திரும்பி வர ஒரு சுவர்கூட இல்லாத இடம். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தேன், இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை.

இறங்குவழி நிழல் வழி. வெயில் அங்கே வருவதற்கு நேரமாகும். ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாம் வளைவைத் தாண்டியதும் ஒரு மலை அணில் கிளை விட்டுக் கிளை தாவிச் சலசலத்தது. அது அடங்கியபோது பாறை மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

போட்டோவில் இருக்கிற மாதிரியேதான் இருந்தார், அதுதான் தாங்க முடியவில்லை. தாடையில் காலையில் சவரக் கத்தி கீறின இடத்தில் ரத்தம் காய்ந்தும் காயாமலும் இருந்தது. தலையில் ஒரு நரை கிடையாது. என்னைப் பார்த்ததும் மரியாதைக்கு எழுந்திருக்கப் போய், மறுபடி உட்கார்ந்தார்.

"வாங்கம்மா. நீங்களும் சுத்துறீங்களா? இன்னைக்கு என்னமோ காலைலேருந்து ஊரே சுத்துது. ஒருத்தருக்கும் முடிவு தெரியலையாட்டம் இருக்குது."

"நான் வெளியூருங்க" என்றேன். சொல்வதற்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை, ஊரே சொன்னதுதானே.

"அட. நல்லதாப் போச்சு. உக்காருங்க. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"பூனா எங்க இருக்குன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியும். ரெண்டு பகல் ஒரு ராத்திரி ரயிலு."

"குளுருமா?"

"இந்த அளவுக்கு இருக்கும்."

"சோறு கிடைக்குமா?"

"சப்பாத்திதான். போகப் போகப் பழகிடும்."

"எம்பொண்ணுக்குச் சப்பாத்தி எறங்காதுங்க" என்று அவர் நிஜமாகவே கவலைப்பட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரே பொண்ணு. அங்கிருந்து லெட்டர் வந்திருக்குது. இங்கிலீசுல இருக்கறதை அப்படியே தமிழ்ல சொல்றா, தண்ணி ஊத்தற மாதிரி. உங்களுக்கு இதுல ஆவறது ஒண்ணுமில்ல, போறது ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க. அனுப்பலாங்களா?"

எத்தனையோ ஊர்களின் வீடுகளில், எத்தனையோ கண்ணாடிகள் முன்னால் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அனுப்புனா நல்லா வேலை செய்வா. நாலு பேரு மதிப்பாங்க. தனியா இருப்பா. வீட்ல ஒண்ணு நடந்தா சமயத்துக்கு வந்து சேர மாட்டா. அனுப்பலைன்னாலும் தனியாத்தான் இருப்பா, இங்க இருந்துக்கிட்டே. அதனால அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க."

அவர் குனிந்து காலடியில் கிடந்த சருகை ஒதுக்கினார்.

"முடிவா? அதெல்லாம் முதல் வளைவுலயே பண்ணிட்டேங்க. அனுப்பறதுன்னுதான். அந்த லெட்டரை அவ படிக்கறப்பவே தெரியும், இது போற புள்ளைன்னு. நான் மூணு தடவை படிக்கச் சொன்னதே அந்தக் குரலைக் கேக்கத்தான்."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"கீழ எறங்குனா சொல்லணும். சொன்னா பொழுது சாயறதுக்குள்ள அவளை ஏத்தி விடணும், எங்க வழக்கம் அப்படி. ஏத்தி விட்டுட்டுத் திரும்பி வந்து கதவைத் தொறக்கணும் பாருங்க." அவர் என்னைப் பார்க்காமல் கீழே ஊர்ப் பக்கம் பார்த்தார். "அந்த வீட்டுக்குள்ள எப்படி நொழையறதுன்னு தெரியல. அதான் மெல்ல நடந்தேன். இன்னங் கொஞ்ச நேரம், இன்னங் கொஞ்ச நேரம்னு."

இருபத்தெட்டு வருடம். நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். கோபம் என்று நினைத்தேன், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று மனம் ஒப்பவில்லை என்று நினைத்தேன், மலையே அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்றுகூட ஊரோடு சேர்ந்து நம்பினேன். எழுந்து அவர் காலைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. நான் வெளியூர்க்காரி. உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"நீங்க எறங்கற வரைக்கும் அவ இருப்பான்னு நெனைக்கறீங்களா?"

"போயிட்டாளா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? ஆனா பதில் வாங்காமப் போனவங்களைப் பாத்திருக்கேன். எந்த ஊர்ல படுத்தாலும் தாழ்ப்பாள் போடாமப் படுத்த மாதிரிதான் தூக்கம் இருக்கும். போக விடற அப்பனும் உண்டு, விடாத அப்பனும் உண்டு. சொல்லாத அப்பனை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அவர் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "பாத்து வாங்க, கல்லு வழுக்குது" என்று வழக்கப்படி சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். மெல்ல இல்லை. நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போக வேண்டியிருந்தது. பாதித் தூரத்தில் சட்டென்று நின்றார், திரும்பவில்லை.

"செருப்பைத் தேச்சுத் தேச்சு நடக்காதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார்.

நானும் நின்றேன்.

"வயசாயிடுச்சே சாமி உனக்கு."

"ஆமாப்பா."

"எத்தனை?"

"உங்களை விட ரெண்டு கூட."

அவர் தோள் ஏறி இறங்கிற்று. அப்புறமும் திரும்பாமலே பேசினார். "உங்கம்மா வந்தா. காலைலேருந்து தாண்டித் தாண்டிப் போனா. ஒரு பேச்சு இல்ல. ஒவ்வொரு தடவையும் தலை வெளுத்துக்கிட்டே போச்சு. நான் பனி படிஞ்சிருக்குதுன்னு நெனைச்சேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் வரவேயில்ல. முழங்கால் வலியா அவளுக்கு?" என்றார்.

பாதையில் வீட்டுச் சேதி சொல்லக் கூடாது.

"கல்லுகிட்டப் போய்ச் சொல்றேன்ப்பா."

அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் புரியும். நல்ல சேதியாக இருந்தால் யார் வாயும் அவ்வளவு ஒழுங்காக அடங்காது. பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். காற்று இல்லை. சருகில் ஒரு காட்டுக்கோழி நடந்தது. பிறகு அவர் துண்டால் மூக்கைச் சிந்தி, நடந்தார்.

சொல்கல்லில் ஊர் முழுக்க நின்றது. எல்லாருக்கும் முன்னால் நல்லம்மா, சத்துணவுக் கூடத்துக் கரண்டியோடு ஓடி வந்திருந்தாள். அப்பா அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார், பொன்னுரங்கத்தின் வயிற்றைப் பார்த்தார், அதற்குப் பின்னால் டவரைப் பார்த்தார். எதைப் பற்றியும் கேட்கவில்லை.

"என்ன முடிவு மாமா?" என்றாள் நல்லம்மா.

"போகட்டும்" என்றார் அப்பா, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "எம்பொண்ணு பூனாவுக்குப் போகட்டும்."

ஊர் தலையசைத்தது. வீட்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் அவர் உட்கார்ந்தார், நான் சோறு போட்டேன். "எப்ப?" என்றார். "பதினோரு மார்கழி ஆச்சுப்பா." "பறைச் சத்தமே கேக்கலியே." "உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு யாரும் அடிக்கல." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைந்து பிசைந்து, ஒரு வழியாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பரணைப் பார்த்தார்.

"நாலு பத்துக்கு பஸ்ஸு இன்னம் ஓடுதா?"

நான் வாசலில் நின்ற நல்லம்மாவைப் பார்த்தேன். நான் இருக்க வந்தவள் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்லத் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. பொன்னுரங்கம் முந்திக்கொண்டான். "ஓடுதுங்க மாமா."

அப்பா என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எத்தனையோ வார்த்தைகள் இரண்டு மொழிகளில் தெரியும். ஆனால் அவர் கழுத்து நிமிர்ந்திருந்தது. இத்தனை வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்கப் போகிற ஆளின் கழுத்து. பின்னால் ஊர் வந்தது. பஸ் வந்தது. என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார்:

"தண்ணியைக் காய்ச்சிக் குடி. போனதும் லெட்டர் போடு. சப்பாத்தி எறங்கலைன்னா பச்சத்தண்ணில நனைச்சுத் தின்னு."

"சரிப்பா."

"அப்பன் விட்டான்னு சொல்லு. யார் கேட்டாலும்."

"சரிப்பா."

பஸ் நகர்ந்ததும் அவர் கை தூக்கவில்லை. வேட்டியைக் கீழே இறக்கிவிட்டு, திரும்பி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஒரு சாதாரண ஆளின் சாதாரண நடையில் வீட்டைப் பார்த்துப் போனார். ஊர் அவருக்குப் பின்னால் போகவில்லை, விட்டு நின்றது.

நடத்துநர் வந்தார். "எங்கம்மா?"

"அடுத்த ஸ்டாப்பு."

"நாலு கிலோமீட்டருக்கா இம்மாம்பெரிய பெட்டி?" அவர் சிரித்தார். "ஏத்திவிட்டாரே, யாரு, தம்பியா?"

"எங்கப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பின்னால் சாலையைப் பார்த்தார், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இறங்கியபோது மேற்கே வெயில் இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. புளியமரத்தடியில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்தேன். இந்நேரம் அவர் கதவைத் திறந்திருப்பார். உள்ளே போயிருப்பார், அல்லது நிலைப்படியில் நின்றுகொண்டிருப்பார். நான் இல்லாத வீட்டுக்குள் அவர் ஒரு தடவை நுழைந்து முடிக்கட்டும் என்று, குளிரில் கையைக் கட்டிக்கொண்டு, பொழுது முழுதாகச் சாயும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தேன், வேகமாக.